கிழங்கிடம் கேட்காத கேள்வி

சின்னசேலத்திலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் கொஞ்ச தூரத்தில் மரவள்ளிக் காடு வந்துவிடும். கரும்பும் மக்காச்சோளமும் உண்டு. ஆனாலும் கல்வராயன் மலையடிவாரத்து மானாவாரி நிலத்தை நம்பியவர்களுக்குக் கிழங்குதான் கைகொடுக்கும் பயிர். ‘இந்த வருசம் பாயிண்ட் என்ன ரேட்டு?’ என்பது அறுவடைக் காலத்தில் நலம் விசாரிப்பதற்குச் சமம். கிழங்கில் எவ்வளவு மாவு இருக்கிறது என்பதைப் பாயிண்டாகக் கணக்கிட்டுத்தான் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைகள் விலை வைக்கின்றன.

இந்தச் செடி பிறந்தது தென் அமெரிக்காவில். போர்த்துக்கீசியர் மூலம் கேரளக் கரையில் இறங்கியது. 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள், பஞ்சத்துக்கு உதவும் என்று அதைக் குடிமக்களிடையே பரப்பினார். இரண்டாம் உலகப் போரில் கீழைநாடுகளிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் வருவது நின்றபோது, சேலத்தில் கிழங்கை அரைத்துப் பாலெடுத்து, உருட்டி, வறுத்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். சேலத்துச் சுற்றுவட்டாரத்தில் காடு காடாகக் கிழங்கு பரவியது அதற்குப் பிறகுதான். ஏறக்குறைய எண்பது ஆண்டுகள். இன்று அது எங்கள் பயிர். நோன்புக்கு ஜவ்வரிசிப் பாயசம் வைக்கும் யாரும் அதன் பூர்வீகத்தை விசாரிப்பதில்லை.

அந்தத் தென் அமெரிக்காவிலேயே உள்ள கயானாவில் வேலை பார்த்த நாட்களில் இந்த எண்ணம் என்னை விட்டு நீங்கவே இல்லை. 2015இல் அங்கே கடலடியில் எண்ணெய் கண்டுபிடித்தார்கள். 2019 கடைசியில் எடுக்கவும் தொடங்கினார்கள். அதைத் தொடர்ந்து கட்டட வேலைகள் பெருகின. அந்த அலையில் போனவர்களில் நானும் ஒருவன். தலைநகர் ஜார்ஜ்டவுன், கடல் பொங்கும்போது கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் ஊர். நீளமான கடற்சுவரும் மதகுகளும்தான் அதைக் காக்கின்றன. எங்கள் பக்கத்துக் கோமுகி அணையில் எத்தனை அடி தண்ணீர் என்று பார்த்தே வளர்ந்த எனக்கு, தண்ணீரை வெளியேற்றுவதற்காகவே ஊரெல்லாம் வாய்க்கால் வெட்டிய நாடு புரிபடவே நாளாயிற்று. பெர்பிஸ் பக்கம் கரும்புத் தோட்டங்களில் வெட்டிய கரும்பை இரும்புப் படகுகளில் போட்டு வாய்க்கால் வழியாகவே ஆலைக்கு இழுத்துப் போகிறார்கள். எங்கள் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலை வாசலில் டிராக்டர் வரிசையைப் பார்த்துப் பழகிய கண் அங்கே வெகுநேரம் நின்றுவிடும். அந்த வாய்க்கால்களை முதலில் தோண்டியவை ஆப்பிரிக்க அடிமைகளின் கைகள். அவர்கள் விடுதலை பெற்ற 1838ஆம் ஆண்டிலேயே இந்தியாவிலிருந்து கூலிகளை ஏற்றிய முதல் கப்பல்கள் வந்து சேர்ந்தன. அடிமைகள் இருந்த கொட்டடிகளிலேயே இவர்களைக் குடிவைத்தார்கள்.

1917 வரை சுமார் 2,39,000 பேர் அப்படிப் போனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையிலிருந்து போனவர்கள் ஏறக்குறைய 15,000 பேர்தான். எங்கள் கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு ஜில்லாவில் ஒரு தாலுகா. கடல் கடந்து கூலிகளாகப் போன தமிழர்கள் மிகுதியாகப் புறப்பட்ட ஜில்லாக்களில் அதுவும் ஒன்று. எங்கள் பக்கத்து ஆள் ஒருவராவது அந்தக் கப்பல்களில் இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

அப்படிப் போன தமிழர்களின் பேரப்பிள்ளைகள் கயானா முழுக்க இருக்கிறார்கள். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. அவர் பெயரும் மேற்கிந்தியத் தீவுகள் அணியின் சுழற்பந்து வீச்சாளர் வீராசாமி பெருமாளின் பெயருமே வந்த வழியைச் சொல்லிவிடும். இவர்களைச் சந்திக்கும் நம்மவர்கள் முதலில் கேட்பது, ‘தமிழ் தெரியுமா?’ தெரியாது என்றதும் முகம் சுருங்குகிறது. ‘எல்லாத்தையும் விட்டுட்டாங்க சார்’ என்று தங்குமிடத்துக்குத் திரும்பிவந்து சொல்வார்கள். கையெட்டூர் அருவி 226 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதைப் படம் பிடித்துக்கொள்வார்கள், விடுமுறை முடிந்துவிடும்.

எனக்கு அந்தப் பேச்சு பொறுக்காது. வடக்கிலிருந்து வந்த பெருங்கூட்டத்துக்கு நடுவில் ஒரு கைப்பிடித் தமிழர்கள்; 1860களுக்குப் பிறகு சென்னையிலிருந்து புதிதாக ஆள் வருவதும் கிட்டத்தட்ட நின்றுபோனது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஆங்கிலம் மட்டும். அந்த நிலையில் பேச்சுமொழி எத்தனை தலைமுறை நிற்கும்? ஆனாலும் பெர்பிஸில் மாரியம்மன் கோயில்கள் இருக்கின்றன. வேப்பிலை, கரகம், தப்பு, உடுக்கை எல்லாம் இருக்கின்றன. மதுரைவீரன் இருக்கிறார், நாகூர் ஆண்டவரையும் மறக்கவில்லை. தோட்டத்து வெள்ளைக்காரர்கள் அந்த வழிபாட்டை இழிவாகப் பார்த்தார்கள், சொந்த இனத்திலேயே மற்ற இந்துக்கள் ஒதுக்கினார்கள். அப்படியும் பிடித்துவைத்திருக்கிறார்கள். ஒரு கோயிலில் பூசை செய்யும் அம்மாள் பழைய நோட்டு ஒன்றைக் காட்டினார். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பாட்டு. வாய்விட்டுப் படித்தபோது பாதிதான் எனக்குப் பிடிபட்டது. மீதி, பல வாய்கள் மாறிவந்து உருமாறிய சொற்கள். புரிந்ததை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்துக் கேட்டார். பிறகு, ‘உங்கள் ஊரில் அம்மாவுக்குத் திருவிழா எந்த மாதம்?’ என்று விசாரித்தார். ஆடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்ததில் பொழுது போனதே தெரியவில்லை.

கயானாவின் மண்ணுக்குரிய பழங்குடிகளிடம் நம் மரவள்ளியின் கசப்பு வகை இருக்கிறது. அப்படியே தின்றால் உயிரை எடுக்கும் நஞ்சு அதில் உண்டு. கிழங்கைத் துருவி, நாரால் முடைந்த நீளக் குழாய்க்குள் திணித்து, இழுத்துச் சாற்றைப் பிழிகிறார்கள். மாவு ரொட்டியாகிறது. பிழிந்த சாற்றையும் கொட்டுவதில்லை. கறுத்துக் கெட்டியாகும்வரை காய்ச்சினால் நஞ்சு போய்விடும், அதில் இறைச்சி வேகவைத்துக் குழம்பு செய்கிறார்கள். இன்று கிறிஸ்துமஸ் காலையில் இந்தியர், ஆப்பிரிக்கர் வீடுகளிலும் அந்தக் குழம்புதான். போன இடத்தில் வாழ்வது என்றால் இதுதான் என்று எனக்குப் பட்டது: அந்த மண்ணின் நஞ்சு எது, அதை எப்படி முறிப்பது என்று முன்பே இருந்தவர்களிடம் கற்றுக்கொள்வது. அருவியைப் பார்க்கப் போகிறவருக்கு அதற்கு அவசியம் வருவதில்லை.

எங்கள் காட்டிலும் அதே கதை நடந்தது. 2020இல் கேரளத்தில் முதலில் தென்பட்ட ஒரு மாவுப்பூச்சி அடுத்து சேலம், நாமக்கல் பக்கம் கிழங்கைச் சூறையாடியது. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து கிளம்பி ஆப்பிரிக்காவைப் பாழாக்கிய பூச்சி. நாங்கள் மருந்தடித்துப் பார்த்துச் சலித்துப்போனோம். அந்தப் பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவி ஒன்றை 1981இல் பராகுவேயில் கண்டெடுத்திருந்தார்கள். ஆப்பிரிக்காவைக் காப்பாற்றிய அந்தக் குளவியைப் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, 2022இல் எங்களுக்குப் பக்கத்து ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையம் வழியாகக் காடுகளில் விட்டார்கள். செடியை மட்டும் கொண்டுவந்து எத்தனையோ காலம் கழித்து, அது பிறந்த மண்ணின் அறிவைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

இப்போது கயானாவுக்கு வெனிசுவேலாவிலிருந்து ஆயிரக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள். கூலிக் கப்பலில் வந்தவர்களின் வம்சத்தாரே அவர்களைப் பார்த்து, ‘எப்போது திரும்பிப் போவார்கள்?’ என்று கேட்பதை ஜார்ஜ்டவுன் சந்தையில் என் காதால் கேட்டிருக்கிறேன். அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது எங்கள் பக்கத்துச் சேகோ ஆலைகள். கிழங்கு இறக்குவதும் பாலெடுத்தபின் மிஞ்சும் திப்பியை அள்ளுவதும் பல ஆலைகளில் இன்று வடமாநிலத் தொழிலாளர்கள்தான். சிலர் குடும்பத்தோடு வந்துவிட்டார்கள். டீக்கடையில் அவர்களிடம் எல்லோரும் கேட்பது, ‘ஊருக்கு எப்பப் போற?’ கேட்பவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் மரவள்ளிக்கு எண்பது ஆண்டில் கொடுத்துவிட்ட உரிமையை, அந்தக் கிழங்கைச் சுமக்கிற மனிதருக்கு எத்தனை ஆண்டில் கொடுப்போம் என்று நாங்கள் யோசித்ததில்லை. நான் இப்போது அவர்களிடம் பிள்ளை எந்தப் பள்ளியில், எத்தனாவது படிக்கிறது என்றுதான் கேட்கிறேன். அதற்குப் பல நேரம் பிள்ளைகளே பதில் சொல்லிவிடுகிறார்கள், தமிழில்.