மலை மூடிய நாள்

பனிச்சறுக்குக்காக மாதக்கணக்கில் பணம் சேர்த்து, நாள் குறித்துப் புறப்படுகிறோம். மலை நம் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை.

2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க் சரிவுகள் பனியில்லாமல் வறண்டு கிடந்தன. 2018 ஜனவரியில் சுவிட்சர்லாந்தின் செர்மாட்டிலோ பனி கொட்டித் தீர்த்தது. சாலையும் ரயில் பாதையும் அடைபட்டு, ஏறத்தாழ 13,000 பயணிகள் ஊருக்குள்ளேயே முடங்கினார்கள். பனி குறைந்தாலும் பயணம் கெடும், மிகுந்தாலும் கெடும்.

காற்று வலுத்தால் ரோப்கார் நிற்கும். பனிச்சரிவு அபாயத்தை ஐரோப்பாவில் 5 படிகளாக அளக்கிறார்கள். அபாயம் ஏறினால் சறுக்குப் பாதைகளை மூடுகிறார்கள். அப்படி மூடுவது நம் மகிழ்ச்சியைப் பறிக்க அல்ல, நம் உயிரைக் காக்க.

திட்டம் கெடுவது வேறு, நாள் கெடுவது வேறு. முன்னது வானிலையின் கையில். பின்னது நம் கையில். சறுக்க முடியாத நாளில் ஊரைச் சுற்றி நடக்கலாம். நடக்கவும் முடியாத நாளில், வீட்டில் நேரமில்லை என்று தள்ளிப்போட்ட பேச்சையெல்லாம் உடன் வந்தவர்களோடு பேசித் தீர்க்கலாம். கட்டிய பணத்தையே எண்ணிக்கொண்டிருப்பவர் பணத்தோடு பொழுதையும் இழக்கிறார். யார்மீது குறை என்று தேடுபவர் உடன் வந்தவர்களின் பொழுதையும் கெடுக்கிறார்.

போன இடம் நாம் கேட்டதைத் தராமல் போகலாம். அது தந்ததை முழு மனதோடு வாங்கிக்கொள்ளத் தெரிந்தவருக்கு எந்த விடுமுறையும் வீணாவதில்லை.