அழையாது வந்த வழித்துணை



வியாபாரிகளாகிய நமக்குக் கடன் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. கொடுத்தவன் யார், வாங்கியவன் யார், தொகை எவ்வளவு, தவணை எது என்பதெல்லாம் பேரேட்டில் ஏறிவிடும். தவணை வைத்த கடனை எழுதி வைத்துக்கொள்ளும்படி திருக்குர்ஆனும் (2:282) நமக்குக் கட்டளையிட்டிருக்கிறது. ஆனால் பேரேட்டில் ஏறாத கடன் என்று ஒன்று உண்டா? நாம் அழைக்கவில்லை, கூலி பேசவில்லை, வாக்குக் கொடுக்கவுமில்லை. ஆயினும் ஓர் உயிர் தானாக வந்து நம்மோடு நடந்துவிட்டது. அதற்கு நம்மீது ஏதேனும் உரிமை உண்டா?

இதுவே நாம் இங்கு ஆராயப்போகும் கேள்வி. அந்த உயிர் ஒரு தெருநாயாக இருந்துவிட்டால் கேள்வி இன்னும் கடினமாகிறது. நாய் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது அதன் நஜீஸ் ஒன்றுதான் அன்றோ?

பனிமலையில் ஒரு நாய்

பாகான் டத்தோவில் வாழும் நமக்குப் பனிமலை வெகு தொலைவு. நம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பேராக் ஆறும், அது கலக்கும் கடலும், தென்னந்தோப்புகளுமே. ஆயினும் நேபாளத்துப் பனிமலையில் 2018-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சி நம் கேள்விக்கு மிகப் பொருத்தமானது.

டான் வார்கோவ்ஸ்கி என்ற அமெரிக்க மலையேற்ற வழிகாட்டி ஒரு குழுவை அழைத்துச் சென்றார். மேரா சிகரத்தில் ஏறி இறங்கியபின் பாருன்ட்ஸே என்னும் 7,129 மீட்டர் உயரமுள்ள சிகரத்தில் ஏறுவது அவர்கள் திட்டம். சுமார் 5,300 மீட்டர் உயரத்திலுள்ள கணவாய் ஒன்றில், எங்கிருந்தோ வந்த ஒரு பெண் நாய் அவர்களோடு சேர்ந்துகொண்டது. உரிமையாளர் எவரும் அருகில் இல்லை. வழிகாட்டி தம் உணவில் அதற்குப் பங்கு கொடுத்தார். தம் கூடாரத்திலேயே படுக்கவும் இடம் தந்தார். குழுவினர் அதற்கு மேரா என்று பெயரிட்டனர்.

மேலே போகப்போக அதற்கும் துன்பம் வந்தது. ஒருமுறை செங்குத்தான சரிவில் இறங்க அஞ்சி, பனியாற்றின்மேல் இரண்டு இரவுகள் தங்கிவிட்டது. குளிரில் இறந்திருக்கும் என்றே எண்ணினார்கள். ஆனால் உயிரோடு கீழே வந்து சேர்ந்த அது, மீண்டும் அவர்களைத் தொடர்ந்தது. நவம்பர் 9-ஆம் தேதி மனிதர்களோடு சிகரத்தையும் அடைந்தது. இறங்கும்போது ஆபத்தான இடங்களில் அதைக் கயிற்றில் பிணைத்து இறக்கினார்கள். பின்னர் அடிவார முகாமின் மேலாளர் அதைத் தமதாக்கிக்கொள்ள, அதற்குக் காட்மாண்டுவில் ஒரு வீடு கிடைத்தது.

ஏழாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரத்தில் நாய் ஏறியதாக அதற்குமுன் பதிவில்லை என்று உலகம் வியந்தது. அந்த வியப்பு நிற்கட்டும். கயிற்றில் பிணைத்து இறக்கினார்களே, அது தர்மமா, கடமையா? தர்மமென்றால், செய்யாமல் விட்டிருந்தாலும் அவர்கள்மீது குற்றமில்லை. கடமையென்றால், விட்டுவந்திருந்தால் அது துரோகமாகியிருக்கும்.

அடிவாரமும் உச்சியும்

எதிர்வாதம் ஒன்று எழக்கூடும். "நாய் தன் விருப்பத்தால் வந்தது; அதன் உயிருக்கு அதுவே பொறுப்பு. பணம் கொடுத்து வந்த மனிதர்களுக்கு மட்டுமே வழிகாட்டி கடமைப்பட்டவர்" என்று ஒருவர் கூறலாம். இவ்வாதம் அடிவாரத்தில் நின்று பேசினால் சரிதான். அங்கே அந்த நாய் அவர்கள் இல்லாமலே பிழைத்துக்கொள்ளும். திரும்பிப் போக வழியுண்டு. இரை தேட இடமுண்டு. அங்கு விரட்டிவிட்டிருந்தால் அதற்கு நட்டமில்லை. ஆனால் சோறிட்டு, கூடாரத்தில் இடமிட்டு, ஒவ்வொரு நாளாக மேலே வரவிட்டபின் நிலைமை மாறிவிடுகிறது. தனியாகத் திரும்ப முடியாத இடத்திற்கு அது வந்துவிட்டது. நம்மை நம்பித்தான் வந்தது. நாம் அழைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் வரவிட்டோம் என்பதும் உண்மையே.

ஆதலின் வேண்டாம் என்று சொல்வதற்கு ஓர் இடமுண்டு; அது அடிவாரம். உச்சியில் நின்று வேண்டாம் என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.

நம் தொழிலிலும் இதுவே நியாயம். ஒரு மீனவருக்குக் கடனில் சாமான் தர இயலாதென்றால், முதல் நாளே பணிவோடு சொல்லிவிடுவது நேர்மை. ஆறு மாதம் முகமலர்ச்சியோடு கொடுத்துப் பழக்கி, அவர் மற்றக் கடைகளின் உறவையெல்லாம் விட்டபின், கடலுக்குப் போக முடியாத நாட்களில் திடீரென்று கையை விரிப்பது நேர்மையன்று. சட்டம் அதைக் குற்றமென்று சொல்லாது, மனச்சாட்சி சொல்லும்.

பாரதக் கதையில்

நம் இந்து சகோதரர்களுக்கு இக்கேள்வி புதிதல்ல. மகாபாரதத்தின் இறுதியில், அரசைத் துறந்த தருமர் தம்பியரோடும் திரௌபதியோடும் இமயத்தை நோக்கி நடக்கிறார். வழியில் ஒரு நாயும் தொடர்கிறது. உடன் வந்தவர்கள் ஒவ்வொருவராக வீழ்ந்துபோக, தருமரும் அந்த நாயும் மட்டுமே எஞ்சுகின்றனர். தேரோடு வந்த இந்திரன் அவரைச் சுவர்க்கத்துக்கு அழைக்கிறான். நாய்க்கு இடமில்லை என்கிறான். நம்பி வந்ததைக் கைவிட்டுப் பெறும் சுவர்க்கம் தமக்கு வேண்டாமென்று மறுத்துவிடுகிறார் தருமர். பின்னர், அந்த நாய் உண்மையில் தர்மதேவதையே என்று தெரியவருகிறது.

தருமரின் மறுப்பு எந்தச் சமயத்தவரும் மதிக்கத்தக்கது. ஆனால் நம்மோடு வரும் நாய் எதுவும் இறுதியில் தேவதையாக மாறுவதில்லை. அது கடைசிவரை நாயாகவே இருக்கும். அப்படி இருக்கும்போதும் அதற்கு மதிப்புண்டா? இதற்கு விடை நம் திருமறையிலேயே இருக்கிறது.

குகைத் தோழர்களின் நாய்

ஜும்ஆ நாள்தோறும் நம்மில் பலர் ஓதும் அல்கஹ்பு அத்தியாயத்தில் வரும் குகைவாசிகளின் வரலாற்றை அறியாதவர் இரார். ஏக இறைவனை நம்பிய சில இளைஞர்கள், தம் சமுதாயத்தாரின் கொடுமைக்கு அஞ்சி மலைக்குகை ஒன்றில் ஒதுங்குகின்றனர். ஈப்போவைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக் குன்றுகளையும் அவற்றின் குகைகளையும் பார்த்தவர்களுக்கு அக்காட்சியை மனத்தில் கொண்டுவருவது எளிது. அல்லாஹ் அவர்களை முந்நூறு ஆண்டுகளும் மேலும் ஒன்பதும் உறங்கச் செய்தான். அவர்களுடைய நாயோ முன்கால்களை நீட்டியபடி வாசலில் கிடந்தது.

அவர்கள் எத்தனை பேர் என்பதில் மக்கள் கருத்து வேறுபட்டதையும் அத்தியாயம் கூறுகிறது. மூவர் என்றவர்கள் நான்காவதாக நாயை எண்ணினார்கள். ஐவர் என்றவர்கள் ஆறாவதாக. எழுவர் என்றவர்கள் எட்டாவதாக. மனிதர்களின் தொகை மாறியதே தவிர, நாயை விட்டுவிட்டு எவரும் எண்ணவில்லை. இரண்டே வசனங்களில் நான்கு முறை அந்த நாய் குறிப்பிடப்படுகிறது. நான்கு முறையும் அது அவர்களுடைய நாய் என்றே சொல்லப்படுகிறது. எப்போது, எப்படி அது அவர்களுடையதாயிற்று என்பது சொல்லப்படவில்லை. வழியில் தொடர்ந்த அதனை அவர்கள் விரட்டியும் போகவில்லை என்றொரு செய்தி சில விரிவுரைகளில் காணப்படுகிறது. விரிவுரையாளர்கள் பலர் அதற்குக் கித்மீர் என்று பெயரும் தருகின்றனர். எப்படியாயினும், உடன் வந்ததை அல்லாஹ் உடைமையாகவே எண்ணிவிட்டான்.

நாய் கிடந்த இடத்தையும் கவனியுங்கள். அது உள்ளே இல்லை, விரட்டப்படவும் இல்லை, வாசலில் இருந்தது. நாயுள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்ற ஹதீதைச் சுட்டி, அதனாலேயே அது வெளியே கிடந்ததாக எழுதுகிறார் இமாம் இப்னு கதீர் (ஹிஜ்ரி 774-இல் மறைந்தவர்). நல்லோருடன் கொண்ட சகவாசத்தால் அந்த நாய்க்கும் பெயரும் புகழும் கிட்டியதென்று எழுதுபவரும் அவரே. சட்டத்தையும் மதிப்பையும் ஒரே இடத்தில் வைத்து எழுதியிருக்கிறார் அப்பெரியார். நாம்தான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிட்டோம்.

கழுவும் சட்டமும் கருணையின் சட்டமும்

நம் ஜமாஅத்தில் கடலோர ஊர்களிலிருந்து வந்த மரைக்காயர்களில் பலர் ஷாஃபி மத்ஹபினர். ராவுத்தர்களில் பெரும்பாலோர் ஹனஃபி மத்ஹபினர். ஷாஃபி மத்ஹபில் நாய் முழுவதுமே நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சில் நஜீஸ், உடல் அவ்வாறன்று. மாலிக்கி மத்ஹபில் நாய் சுத்தமான பிராணியே. ஒவ்வொருவரும் தத்தம் இமாமைப் பின்பற்றி நடப்பதே முறை. இதில் மாற்றம் எதையும் இக்கட்டுரை கோரவில்லை.

ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். எப்படிக் கழுவுவது என்று சொல்லும் சட்டம், எப்படி நடத்துவது என்பதைச் சொல்லும் சட்டமன்று. ஒன்று உடலுக்கும் உடைக்கும் உரியது; மற்றது உள்ளத்துக்குரியது. நஜீஸ் என்ற ஒரு சொல்லைக் காட்டி இரக்கத்திலிருந்து விடுதலை பெற முடியாது.

தாகத்தால் ஈரமண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, தம் காலுறையில் நீர் நிரப்பி, அதைப் பல்லால் கடித்துக்கொண்டு மேலேறி வந்து புகட்டிய மனிதரின் பாவங்களை அல்லாஹ் மன்னித்தான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீது இது. ஹிஜ்ரி 8-ஆம் ஆண்டு பதினாயிரம் பேர் கொண்ட படையுடன் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை நோக்கிச் செல்கையில், வழியில் ஒரு நாய் குட்டிகளுக்குப் பாலூட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இடையூறு நேராதிருக்க ஜுஐல் இப்னு ஸுராக்கா (ரலி) அவர்களை அருகில் காவலாக நிறுத்தினார்கள் என்று வரலாற்றாசிரியர் வாகிதீ பதிந்திருக்கிறார். நாயகம் (ஸல்) அவர்கள் அந்த நாயைத் தொடவுமில்லை, வளர்க்கவுமில்லை. ஆனால் அதன் உரிமையை ஒரு படையின் அவசரத்துக்கு முன்னால் வைத்தார்கள்.

நம் சட்ட அறிஞர்களும் இவ்வழியே சென்றனர். பிரயாணத்தில் கையிலுள்ள நீர் ஒளுவுக்கு மட்டுமே போதுமானதாக இருந்து, உடன்வரும் பிராணி தாகத்தால் தவித்தால், நீரை அதற்குக் கொடுத்துவிட்டுத் தயம்மும் செய்துகொள்வதே முறை. வெறிநாயும் கடிநாயும் அல்லாத காவல்நாய்க்கும் இம்மஸ்அலா பொருந்துமென்பர். முதுமையாலோ நோயாலோ பயனற்றுப்போன பிராணியாயினும் அதற்குத் தீனி கொடுத்தே ஆகவேண்டுமென்று ஷாஃபி மத்ஹபின் பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ஹிஜ்ரி 660-இல் மறைந்தவர்) எழுதியிருக்கிறார். பயன் தீர்ந்தாலும் கடன் தீர்வதில்லை என்பதே இதன் கருத்து.

நம் கடைவாசலில்

இனி நம் ஊருக்கு வருவோம். கடையின் ஐந்தடியில் வந்து படுக்கும் நாயை எல்லோரும் கண்டிருக்கிறோம். அதை உள்ளே சேர்க்கும்படி எவரும் நம்மைக் கேட்கவில்லை. குழந்தைகளும் வாடிக்கையாளர்களும் வந்துபோகும் இடத்தில் நாய்க்கூட்டம் சேர்வது ஆபத்தென்பதும் உண்மை. பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் 2015-ஆம் ஆண்டிலும், சரவாக்கில் 2017-ஆம் ஆண்டிலும் வெறிநாய்க்கடி நோய் தலைகாட்டியதை மறந்துவிடலாகாது. ஆகவே விலக்குவதென்றால் முதல் நாளே, நோகாமல் விலக்குவோம். வெந்நீர் ஊற்றுவதும், கல்லெறிவதும், இறைச்சியில் நஞ்சு வைப்பதும் எந்த மத்ஹபிலும் இல்லாத செயல்கள். நாட்டின் சட்டமும் அதைப் பொறுப்பதில்லை. 2015-ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் பிராணிகளைக் கொடுமை செய்வோருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. ஒரு சிரட்டைத் தண்ணீரைக் கொல்லைப்புறத்தில் வைப்பதற்கு எந்தச் சட்டமும் தடையாக இல்லை. தென்னைக்குப் பெயர்போன நம் ஊரில் சிரட்டைக்கா பஞ்சம்?

இதைவிடக் கனமான கடன் ஒன்றும் உண்டு. கிடங்கிலும் தோப்பிலும் இரவுக் காவலுக்கு நாய் வைத்திருப்போர் பலர். வேட்டைக்கும் மந்தைக்கும் விளைநிலத்துக்கும் ஹதீதில் விலக்களிக்கப்பட்டிருக்கிறது; உடைமைக் காவலையும் அறிஞர் பலர் அதனோடு சேர்த்திருக்கின்றனர். வைப்பது தவறன்று. ஆனால் கிடங்கை மூடும்போது தராசையும் மேசையையும் சாக்குகளையும் கணக்கெடுத்து ஏற்றிக்கொண்டு, பூட்டிய கதவின்முன் அந்த நாயை விட்டுச் செல்வது எந்த நியாயத்தில் சேரும்? அதன் விழிப்பால் நம் சரக்குக் காக்கப்பட்டது. அந்த வரவு பேரேட்டில் இல்லாமலிருக்கலாம். மறுமையின் ஏட்டில் இருக்கும். கிடங்கை விற்கும் முன்பே அதற்கொரு இடம் தேடிவிடுவது நம் பொறுப்பு. வாங்குபவரிடம் பேசி ஒப்படைக்கலாம். தோட்டக்காரர் ஒருவரைக் கேட்கலாம்.

நாய்க்கே இவ்வளவு என்றால் மனிதருக்கு எவ்வளவு! ஊரிலிருந்து நம்மை நம்பிக் கப்பலேறி வந்து, பிற்காலத்தில் விமானமேறி வந்து, கடையிலேயே உண்டு உறங்கி முதுமையடைந்தவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களுக்குச் சம்பளம் தீர்த்தாகிவிட்டது என்று கணக்கர் சொல்வார். கணக்கருடைய ஏட்டில் அது சரி. ஆனால் திரும்பிப் போக வழியில்லாத உயரம்வரை நம்மோடு ஏறி வந்தவர்களின் கணக்கு சம்பளத்தோடு முடிவதில்லை.

சகோதரர்களே! இந்த ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது, எழுதாமல் விட்ட பெயர் எதுவும் உண்டா என்று ஒருமுறை கடைவாசல்வரை சென்று பார்ப்போமாக. உடன் வந்தோரைக் கைவிடாத உள்ளத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.