கைதட்டல் ஓய்ந்த பின்

கேட்போர் நெஞ்சை உருக்கி ஒரு கருத்தை ஏற்கச் செய்வது நேர்மையா? அறிவை மட்டும் நோக்கிப் பேசுவதன்றோ அறம்? இவ்வாறு வினவுவோர் உண்டு. அவர்தம் வினாவில் பாதியே நியாயம் என்பது நம் துணிபு.

பேசுவோன் பண்பு, கேட்போர் உணர்ச்சி, பொருளின் தருக்கம் என மூன்று வழிகளில் பேச்சு மனத்தை வெல்லும் என்றார் கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில். மூன்றில் ஒன்றையும் அவர் தள்ளிவிடவில்லை. சினமே இன்றித் தீண்டாமையைப் பற்றி ஒருவன் பேசினால், அவனை நடுநிலையாளன் என்போமா? நெஞ்சற்றவன் என்றன்றோ சொல்வோம்! உணர்ச்சி குற்றமன்று. அணியைக் களைந்தபின் எஞ்சுவது என்ன என்பதே கேள்வி.

பெரும்பான்மையோர் பேசுவதால் இந்தியே ஆட்சிமொழி என்றனர் வடவர். எண்ணிக்கைதான் அளவுகோல் என்றால், தேசியப் பறவையாக மயிலை ஏன் தேர்ந்தீர்கள், காகமன்றோ மிகுதி என்று கேட்டார் அறிஞர் அண்ணா. சிரிப்பு எழும். சிரித்து முடித்தபின் சற்றுச் சிந்திப்போம். மணிமேகலையின் 29ஆம் காதை பக்கம், ஏது, திட்டாந்தம் என வாதத்தின் உறுப்புகளைப் பகுத்து, ஒவ்வொன்றிலும் போலி எது என்றும் காட்டுகிறது. பறவை வெறும் அடையாளம், மொழியோ அன்றாட ஆட்சிக் கருவி, ஆகவே இவ்வெடுத்துக்காட்டு திட்டாந்தப் போலி என எதிரி சொல்லக்கூடும். சொல்லட்டும்! எண்ணிக்கை மட்டுமே தகுதியாகாது என்பதற்கு மேல் அண்ணாவின் வினா எதையும் கோரவில்லை. அந்த அளவுக்கு அது அசையாது நிற்கிறது. அதையே எடுத்துக்கொண்டு, இந்தி காகம், தமிழ் மயில் என்று மேடையில் முழங்குவோர் வாதத்தை விட்டுவிட்டு, சிரிப்பை மட்டும் கடன் வாங்கியவர்கள். நம் பக்கத்தவர் ஆயினும் அதனைப் போலி என்றே சொல்வோம்.

9-2-1943 அன்று சென்னைச் சட்டக் கல்லூரி மண்டபத்தில் நிகழ்ந்த சொற்போர் இதற்கு நல்ல சான்று. கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்தலாமா என்பது பொருள். கொளுத்துக என்றவர் அண்ணா. கூடாது என்றவர் ரா. பி. சேதுப்பிள்ளை. இருவருமே அடுக்குமொழியில் வல்லவர். எதுகையும் மோனையும் இருவர் நாவிலும் ஏவல் செய்தன. அணி இரு பக்கமும் சமமாகிவிட்டால், கேட்போன் வேறு எதை எடை போடுவான்? காரணத்தைத்தானே! அதே ஆண்டு மார்ச் 14 அன்று சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் அண்ணா வாதிட்டார். மறுப்பதற்கென்றே ஒருவரை எதிரே அமர்த்திக்கொண்டு பேசுவது, கேட்போரின் அறிவுக்குச் செய்யும் மரியாதை.

இன்றோ எதிரே எவரும் இல்லை. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை உள்ள ஊர்களிலிருந்து மாணவர்கள் தாம்பரத்துக்குப் பேச்சுப் போட்டிக்கு வருகிறார்கள். குரலுக்கு மதிப்பெண், மோனைக்கு மதிப்பெண், கைவீச்சுக்கும் மதிப்பெண்! காரணம் கூறியதற்கு என்று ஒரு கட்டம் நடுவர் தாளில் இல்லை. பெரியவர்கள் எழுதித் தந்ததை மனப்பாடம் செய்து, பத்து வயதுப் பிள்ளை கண்ணீர் மல்க முழங்குகிறது. (எழுதித் தந்தவருக்கே பரிசைத் தந்துவிடலாம்!) பொருள் விளங்காமலே பிறரை உருக்கப் பழகும் பிள்ளை, நாளை தன்னை உருக்க வருவோனிடம் எப்படிக் காரணம் கேட்கும்?

பேசி முடித்த மாணவனை, எதிர்க்கருத்துக் கொண்ட மற்றொரு மாணவன் ஒரே ஒரு வினா கேட்கட்டும் என்று சக ஆசிரியர்களிடம் சொன்னோம். பிள்ளைகள் தடுமாறுவார்களே என்றனர். தடுமாறட்டுமே! அடுத்த போட்டியில் அந்த விடைக்கென இருபது மதிப்பெண் ஒதுக்குமாறு கேட்டிருக்கிறோம்.