காப்புப் பருவம்

போர்ச்சுகல் அரசி கத்தரீனாளின் செருப்புச் செலவுக்கென்று முத்துக்குளித்துறை வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் 4,000 பணம் ஒதுக்கப்பட்டிருந்தது. 1542 அக்டோபரில் இந்தக் கரைக்கு வந்த மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் அந்தத் தொகையைப் பிள்ளைகளின் பக்கம் திருப்பிவிடக் கேட்டார். ஊர் ஊராகச் சிறுவர்களுக்குச் செபம் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு அதிலிருந்து சம்பளம் தர வேண்டும் என்பது அவர் கோரிக்கை. மோட்சத்துக்கு ஏறிப்போக இந்தப் பிள்ளைகளின் படிப்பைவிட நல்ல செருப்பு அரசிக்குக் கிடைக்காது என்று அவர் எழுதியதாக அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பணம் கிடைத்தது. அரசாங்கத்தின் காசு தூத்துக்குடிக் கரையின் சின்னப் பிள்ளைகளுக்கென்று செலவானதாகப் பதிவான மிகப் பழைய நிகழ்ச்சிகளில் இது ஒன்று.

தூத்துக்குடியிலிருந்து 1542 அக்டோபர் 28-ல் அவர் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. ஒரு செபத்தையாவது சொல்லித் தராமல் பிள்ளைகள் தன்னைச் சாப்பிடவும் தூங்கவும் விடுவதில்லை என்று அதில் எழுதுகிறார். கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து அவர்களைக் கூட்டுவார். நாளுக்கு இரண்டு வேளை பாடம். கற்றதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பெற்றவர்களுக்குச் சொல்லித் தர வேண்டும். தான் போக முடியாத நோயாளி வீடுகளுக்கு அவர்களையே அனுப்பிச் செபிக்கச் சொல்வார். அந்த அன்பு மெய்யானது. அதில் யாரும் குறை காண முடியாது. ஆனால் 1544-ல் எழுதிய கடிதத்தில் இன்னொரு செய்தியும் வருகிறது. பழைய சாமியை மறைவாகக் கும்பிடும் தாய் தகப்பனைப் பிள்ளைகளே வந்து காட்டிக்கொடுக்கிறார்கள் என்றும், அந்த உருவங்களைப் பிள்ளைகளே உடைத்து மிதிக்கிறார்கள் என்றும் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறார். பெரியவர்களின் போரில் குழந்தை முன்வரிசையில் நிறுத்தப்பட்டுவிட்டது.

ஒரு குழந்தையை நாம் எதற்காகக் காக்கிறோம், அதன் பொருட்டா, அதைக் கொண்டு நாம் அடைய நினைப்பதன் பொருட்டா? இந்தக் கேள்வி சவேரியாரோடு முடிந்துவிடவில்லை. இன்று அங்கன்வாடி நடத்தும் அரசையும் அது விடாமல் கேட்கிறது.

பிறக்கும் குழந்தை எதைக் கொண்டு வருகிறது என்பதற்கு இந்தக் கரையில் மூன்று விடைகள் உண்டு. மணப்பாட்டிலிருந்து திருச்செந்தூர் வழியாகக் காயல்பட்டினம் போகும் ஒரே சாலையில் மூன்றையும் கேட்கலாம். கத்தோலிக்க மரபில் ஆதாமின் பாவம்; சைவ மரபில் முன்வினை; இஸ்லாமிய மரபில் எந்தக் கறையும் படியாத இயல்பு. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைக்கு மோட்ச வாசல் திறக்காது என்று கத்தோலிக்கர்கள் நம்பிய காலம் சவேரியாருடையது. அதனால்தான் அவர் வீடு வீடாக ஓடிச் சிசுக்களுக்குத் தண்ணீர் ஊற்றினார். அவற்றில் பல சில நாட்களிலேயே இறந்தன. அந்த நம்பிக்கையைத் திருச்சபையே பிறகு நெடுங்காலம் எண்ணிப் பார்த்தது. வத்திக்கானின் அனைத்துலக இறையியல் ஆணையம் 2007-ல் வெளியிட்ட ஆவணம், அப்படி இறந்த குழந்தைகளும் மீட்புப் பெறுவார்கள் என்று நம்புவதற்குத் தக்க காரணங்கள் இருக்கின்றன என்றது. பச்சைக் குழந்தையின் முன்னால் ஒரு பெரிய மதம் தன் கணக்கைத் திருத்திக்கொள்ள முன்வந்தது என்பது சின்ன விஷயமல்ல.

பால்வாடிப் பதிவேட்டில் இந்த மூன்று விடைகளுக்கும் பத்தி கிடையாது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று 54,000-க்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன. அரசு ஆணைகளில் அங்கன்வாடி. தெருவில் இன்னும் பால்வாடிதான். மாதம் ஒரு நாள் எடை பார்ப்பார்கள். கொக்கியில் தொங்கும் துணித் தொட்டிலில் குழந்தையை உட்கார வைத்ததும் அது காலை உதைத்து அழும், முள் ஆடும். அழுகை ஓய்ந்து முள் நிற்கும் வரை டீச்சர் காத்திருந்து எண்ணைக் குறிப்பார். பிறகு வளர்ச்சி அட்டையில் ஒரு புள்ளி. புள்ளி பச்சைப் பட்டையில் விழுந்தால் கவலையில்லை. மஞ்சளில் விழுந்தால் தாயைக் கூப்பிட்டுப் பேசுவார். அதற்கும் கீழே போனால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புவார். பிறந்த தேதி, எடை, உயரம், போட்ட தடுப்பூசி, போட வேண்டியது. குழந்தை என்ன கொண்டுவந்தது என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. அதற்கு நாம் என்ன கொடுத்தோம் என்பது மட்டுமே எழுதப்படுகிறது. மதங்களின் விடைகளுக்கு இது மாற்றல்ல. அவை மூன்றும் சண்டையில்லாமல் ஒன்றாக நிற்கக்கூடிய தரை இது.

தமிழ் மரபுக்கு இந்தத் தரை புதிதல்ல. திருச்செந்தூர் முருகனைக் குழந்தையாக்கிப் பகழிக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழ், மற்ற எல்லாப் பிள்ளைத்தமிழ்களையும் போலக் காப்புப் பருவத்தில்தான் தொடங்குகிறது. குழந்தையைக் காக்கும்படி தெய்வங்களை வேண்டுவது அந்தப் பருவம். இதில் கவனிக்க வேண்டியது, முருகனைப் பற்றிய நூலிலும் முதலில் கூப்பிடப்படுபவர் திருமால். காக்கும் தொழில் அவருடையது என்பதால். பகழிக்கூத்தரே வைணவராகப் பிறந்தவர், வயிற்றுவலி தீர்ந்த பிறகு முருகனைப் பாடினார் என்பது மரபு. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைக் காப்பதற்குச் சைவம், வைணவம் என்ற வேலி குறுக்கே வரவில்லை. காப்புக்குப் பிறகே ஐந்தாம் மாதத்துச் செங்கீரை, ஒன்பதாம் மாதத்துச் சப்பாணி, ஓராண்டை ஒட்டித் தளர்நடையிட்டு வரும் வருகை. தாய் சேய் அட்டையில் படம் போட்டுக் காட்டியிருக்கும் வளர்ச்சிப் படிகளும் ஏறக்குறைய இதே வரிசைதான்: தலை நிமிர்வது, கைதட்டுவது, பிடிக்காமல் நடப்பது.

அதே நூலின் முத்தப் பருவத்தில், அலை கரையில் எறிந்த சங்கு ஈன்ற முத்துக்கு விலை உண்டு, இந்தக் குழந்தையின் வாய் முத்தத்துக்கு விலை இல்லை என்ற கருத்து வருகிறது. முத்துக்கு விலை வைத்தே பிழைத்த கரையில் இதைப் பாடியது பொருத்தம். இன்று குழந்தைக் கல்விக்குப் பணம் ஒதுக்கச் சொல்லும் பொருளாதார அறிக்கைகள், இன்று போடும் ஒரு ரூபாய் நாளை பல ரூபாயாகத் திரும்பும் என்று கணக்குக் காட்டுகின்றன. நிதித் துறையை அசைக்க அந்த வாதம் உதவலாம். ஆனால் ஒன்றும் திரும்ப வராத குழந்தை ஒன்று உண்டு: நடக்கப் போகாதது, பேசப் போகாதது, நெடுநாள் வாழப் போகாதது. அந்தக் குழந்தைக்கு இந்த வாதம் என்ன சொல்லும்?

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்றும், பெற்றோர் திருச்செந்தூர் சந்நிதியில் கொண்டுபோய்க் கிடத்தி வேண்டினார்கள் என்றும், அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடினார் என்றும் சொல்வார்கள். கதையை இன்று கேட்பவர்கள் பாடத் தொடங்கிய நொடியைத்தான் வியக்கிறார்கள். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். பேசாத பிள்ளையை அந்தத் தாய் ஊட்டினாள், குளிப்பாட்டினாள், தூக்கிக்கொண்டு நடந்தாள். அவன் கவிஞனாகப் போகிறான் என்று அவளுக்குத் தெரியாது. 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து, பிறவிக் குறை, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தேவைப்படும் குழந்தையை மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். பேச்சு வராத பிள்ளையோடு திருச்செந்தூருக்கும் போய் அந்த மையத்துக்கும் போகும் பெற்றோருக்கு இரண்டுக்கும் இடையே முரண்பாடு எதுவும் தெரிவதில்லை. அவர்கள் நினைப்பது சரிதான்.

யாருக்குக் கொடுப்பது என்பதிலும் தமிழ்நாடு இரண்டு வழிகளைப் பார்த்துவிட்டது. உலக வங்கி உதவியோடு 1980-ல் தொடங்கிய ஊட்டச்சத்துத் திட்டத்தில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை கொடுத்தார்கள். ஒரு குழந்தையை இன்னொன்றோடு ஒப்பிடாமல் அதன் போன மாத எடையோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்தது அந்தத் திட்டத்தின் நுட்பம். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிப்போகும் மேய்ப்பனின் நீதி அது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவு, பால்வாடிக்கு வரும் எல்லாருக்கும் இலை போட்டது. வீண் செலவு, ஓட்டுக்கான வேலை என்று அன்று பலர் சாடினார்கள். நோய்ப்பட்டதைத் தேடிப் போவது வேண்டும், ஐயமில்லை. ஆனால் சோறு வாங்கத் தன் மெலிவைக் காட்ட வேண்டிய நிலை எந்தக் குழந்தைக்கும் வரக் கூடாது. அதனால் எல்லாரும் உட்காரும் பந்தி முதலில். தனிக் கவனிப்பு அதற்கு மேல்.

அந்தப் பந்திக்கும் தூத்துக்குடி மாவட்டமே சோதனை வைத்தது. காமராஜர் 1956-ல் மதிய உணவைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். அதன் பக்கத்திலேயே உசிலம்பட்டி என்ற சிற்றூரில், பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகள் பள்ளிக் காலை உணவைத் தொடவில்லை என்ற செய்தி 2023 செப்டம்பரில் வந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் போய்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தீட்டு என்பது குழந்தைக்குத் தானாகத் தெரியாது. யாரோ சொல்லித் தந்திருக்கிறார்கள். 1544-ல் போலவே இங்கேயும் பெரியவர்களின் போர்தான், பிள்ளையின் வயிற்றை வைத்து நடந்திருக்கிறது.

சட்டத்திலும் ஒரு கோணல் இருக்கிறது. உன்னிகிருஷ்ணன் வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமை என்றது. கீழ் எல்லை எதுவும் போடவில்லை. 2002-ன் 86-ஆம் திருத்தம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வரைக்கே அந்த உரிமையைத் தந்தது. ஆறு வயதுக்குள் இருப்பவர்களின் பராமரிப்பும் கல்வியும் அரசு முயல வேண்டிய நெறியாக 45-ஆம் பிரிவில் தங்கிவிட்டன. உணவு மட்டும் 2013-ன் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தால் உரிமையானது. வாய் திறந்து கேட்கவே முடியாத வயதினருக்கு வழக்குப் போட முடியாத உரிமை!

பாதுகாப்பு என்று வரும்போது சட்டம் தெளிவாகவே பேசுகிறது. 2012-ன் போக்சோ சட்டம், கல்வி நிலையத்திலோ மத நிறுவனத்திலோ பொறுப்பில் இருப்பவர் அங்கே குழந்தையிடம் அத்துமீறினால் அதைக் கூடுதல் தண்டனைக்குரிய குற்றமாக வைத்திருக்கிறது. தெரிந்தவர் சொல்லாமல் இருப்பதும் குற்றம். கோயிலின் பெயர், பள்ளிவாசலின் பெயர், தேவாலயத்தின் பெயர் கெட்டுவிடும் என்று வாய் மூடுவதற்கு இடமில்லை. எந்தச் சந்நிதியும் குழந்தையைவிடப் புனிதமல்ல என்று ஒரு மதச்சார்பற்ற சட்டம் சொல்கிறது. கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் உட்காரும் அங்கன்வாடிப் பணியாளரும், 1098 எண்ணில் தொலைபேசியை எடுப்பவரும் அதைக் காரியத்தில் காட்ட வேண்டியவர்கள்.

அங்கன்வாடிப் பணியாளரை மத்திய அரசு இன்னும் மதிப்பூதியம் வாங்கும் தொண்டராகவே வைத்திருக்கிறது. தொண்டு என்ற உயர்ந்த சொல் இங்கே குறைந்த சம்பளத்துக்குத் திரையாகிவிட்டது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று சொல்லவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று தேவைப்பட்டது. சவேரியாராவது தன் ஆசிரியர்களுக்கு அரசியின் பணத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தார்.

இந்தக் கரையின் முள்ளக்காடு, வேப்பலோடை, ஆறுமுகநேரி பக்கத்து உப்பளங்களில் வேலை விடியுமுன் தொடங்கிவிடும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது. கால் வெந்துவிடும், கண் கூசும். தாய் இருட்டில் கிளம்பிப் போனால், காலையில் பால்வாடி திறக்கும் வரை கைக்குழந்தை பாட்டியிடம் இருக்கும். பாட்டி இல்லாத வீட்டில் அக்காவிடம் இருக்கும். அக்காவே பள்ளிக்கூடத்துப் பிள்ளை. ஐம்பது பேர் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்ற விதியை 2017-ன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. ஒரு குடும்பமும் நாலைந்து கூலியாட்களும் வேலை செய்யும் சிறு அளத்துக்கு அது பொருந்தாது. அங்கன்வாடியோடு சேர்ந்த முழுநாள் காப்பகத்துக்குப் ‘பால்னா’ என்ற மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. உப்பள ஊர்களில் அதை அதிகாலை நாலு மணிக்குத் திறந்து, அந்த முறைக்கென்று தனிப் பணியாளரை முழுச் சம்பளத்தில் வைக்க வேண்டும். செலவு ஆகும். சமூக நலத் துறை அதை மாவட்டத்தின் அடுத்த வரவு செலவுக் கணக்கிலேயே எழுதிக் கேட்கலாம்.