அணுவை யாராவது பார்த்திருக்காங்களா?

 

நம்ம குரூப்கள்ல அடிக்கடி சுத்துற ஒரு வாதம் இருக்கு. "கடவுளைக் கண்ணால பார்த்தியான்னு கேக்குறவன், அணுவைப் பார்த்திருக்கானா? அதை மட்டும் எப்படி நம்புறான்?" கீழே வேல் படம், வரிசையா தீ எமோஜி. படிக்கும்போது நம்ம பக்கம் ஒரு சிக்ஸர் அடிச்ச மாதிரிதான் இருக்கும். எனக்கு மட்டும் இந்த வாதம் ஒட்டவே மாட்டேங்குது. முருகன் மேல அன்பு குறைஞ்சதால இல்லை. அணுவை மனுஷங்க எப்படி நம்ப ஆரம்பிச்சாங்கங்கிற கதையைப் படிச்சதால.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். "பார்த்திருக்கியா?"ன்னு கேட்டது நாம முதல் ஆள் இல்லை. விஞ்ஞானிகளுக்குள்ளேயே அந்தச் சண்டை நடந்திருக்கு. வியன்னாவில் இருந்த எர்ன்ஸ்ட் மாக், அதாவது விமான வேகத்தைச் சொல்ற 'மாக்' எண்ணுக்குப் பெயர் தந்தவர், கண்ணுக்கும் அனுபவத்துக்கும் சிக்காத அணுவை உண்மைப் பொருளா ஏத்துக்க மறுத்தார். வேதியியல்ல பெரிய தலையான வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டும் அதே பக்கம். கணக்குப் போட வசதியா இருக்கு, அவ்வளவுதான், நிஜமா இருக்குன்னு ஏன் சொல்றீங்கன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதானே?

பதில் வாயால வரலை. 1905-ல் ஐன்ஸ்டைன் ஒரு கணக்கு போட்டார்: தண்ணீரில் மிதக்கும் நுண்துகள் ஏன் ஓயாம துடிச்சுக்கிட்டே இருக்கு? கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் இடிக்கிறதாலன்னா, அது இவ்வளவு நேரத்தில் இவ்வளவு தூரம் நகரணும். பாரிஸில் ழான் பெரின் 1908 வாக்கில் மைக்ரோஸ்கோப்பில் பிசின் துகள்களை வெச்சு அளந்தார். கணக்கு ஒத்துப்போச்சு. வேற வேற வழியில் மூலக்கூறுகளை எண்ணிப் பார்த்தாலும் கிட்டத்தட்ட ஒரே எண். அதுக்கப்புறம் ஆஸ்ட்வால்ட் தன் பாடப்புத்தக முன்னுரையிலேயே 'இப்ப நான் ஒப்புக்கிறேன்'ங்கிற கருத்தில் எழுதினார். வருஷக்கணக்கா எதிர்த்த ஒருத்தர், தன் பெயர் போட்ட புத்தகத்திலேயே! நம்ம குரூப்ல யாராவது அப்படி ஒரு மெசேஜ் போட்டு நான் பார்த்ததில்லை.

ஆனா அணு 'இருக்கு'ங்கிறது ஒரு விஷயம். அதுக்குள்ள என்ன இருக்குங்கிறதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி.

அட்டம்ங்கிற பேரோட கிரேக்க வேர்ச்சொல்லுக்கு அர்த்தமே வெட்ட முடியாததுன்னுதான். 1897-ல் கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஜே. ஜே. தாம்சன் அதை உடைச்சார். காத்தை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாயில் வர்ற கதிரைக் காந்தத்தாலும் மின்புலத்தாலும் வளைச்சு, அதிலிருக்கும் துகளோட மின்சுமைக்கும் நிறைக்கும் உள்ள விகிதத்தை அளந்தார். எந்த உலோகம் போட்டாலும், எந்த வாயு அடைச்சாலும் ஒரே விகிதம். அதுதான் எலக்ட்ரான். ஹைட்ரஜன் அணுவில் கிட்டத்தட்ட 1,836-ல் ஒரு பங்கு எடை. அதை வெச்சு அவர் ஒரு படம் வரைஞ்சார்: அணு முழுக்கப் பரவின நேர்மின்சுமை, உள்ளே தர்பூசணி விதை மாதிரி எலக்ட்ரான்கள். பள்ளிக்கூடத்தில் நாம எல்லாரும் வரைஞ்ச அதே தர்பூசணி.

அடுத்து மான்செஸ்டர், 1909. எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு அங்கே பேராசிரியர், ஏற்கனவே நோபல் வாங்கினவர். அவர்கிட்ட ஹான்ஸ் கைகர்னு ஒரு ஜெர்மன்காரர், எர்னஸ்ட் மார்ஸ்டன்னு 20 வயசு மாணவர். வேலை என்னன்னா, கதிரியக்கப் பொருளிலிருந்து நொடிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேகத்தில் பாயும் ஆல்ஃபா துகள்களை மெல்லிய உலோகத் தகட்டில் விட்டு, எவ்வளவு விலகுதுன்னு பார்க்கிறது. தர்பூசணி படம் சரின்னா எல்லாம் லேசா வளைஞ்சு தாண்டிப் போயிடணும். இதுல ரூதர்ஃபோர்டு சொன்ன ஒரு வேலைதான் திருப்பம்: ஏதாவது பின்பக்கமா திரும்பி வருதான்னும் பாரு. வரும்னு அவரே நினைக்கலை.

நான் சாஃப்ட்வேர்காரன், எனக்கு இது உடனே புரியும். சோர்ஸ் கோடு கைக்கு வராத ஒரு சிஸ்டம். உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. இன்புட் அனுப்பு, என்ன திரும்பி வருதுன்னு லாக் பண்ணு, உள்ளே என்ன இருக்கும்னு யோசி. நம்ம டீம்கள்ல 'இது நடக்கவே நடக்காது'ன்னு சொல்ற கேஸுக்கு டெஸ்ட் எழுத யாருக்கும் மனசு வராது. ரூதர்ஃபோர்டு எழுதச் சொன்னார்.

திரும்பி வந்துச்சு. பிளாட்டினத் தகட்டில் சுமார் 8,000-ல் ஒண்ணு. பெரிய பீரங்கிக் குண்டை டிஷ்யூ பேப்பர் மேல சுட்டா அது திரும்பி வந்து நம்மளையே அடிச்ச மாதிரி இருந்ததுன்னு பின்னாடி அவர் சொன்னது பிரபலம். 8,000-ல் ஒண்ணுதானே, எரர்னு தள்ளிட்டுப் போயிருக்கலாம். தள்ளலை. 1911 வரைக்கும் யோசிச்சார். நேர்மின்சுமையும் எடையில் பெரும்பகுதியும் ஒரு சின்னஞ்சிறு நடுப்புள்ளியில் அடைஞ்சு கிடந்தாத்தான் இது நடக்கும். தங்க அணுவை ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுக்கு ஊதினா, அதன் கரு ஒரு மிளகு. மிச்சம் அத்தனையும் கிட்டத்தட்ட வெட்டவெளி.

இதுல எல்லாரும் தாண்டிப் போற ஒரு விஷயம் இருக்கு: எண்ணினது எப்படி? அப்போ ஆட்டோமேட்டிக் கவுன்டர் எதுவும் இந்த வேலைக்கு இல்லை. துத்தநாக சல்ஃபைடு பூசின சின்னத் திரை, அதில் ஆல்ஃபா துகள் பட்டா ஒரு மினுக்கு. இருட்டறையில் உட்கார்ந்து, கண் இருட்டுக்குப் பழகுற வரைக்கும் காத்திருந்து, மைக்ரோஸ்கோப் வழியா ஒவ்வொரு மினுக்கா எண்ணணும். ரூதர்ஃபோர்டு ரெண்டு நிமிஷத்தில் திட்டிக்கிட்டே எழுந்துட்டாராம், ஒரு கடிதத்தில் அவரே எழுதியிருக்கார். கைகர் ராத்திரி முழுக்க எண்ணுவாராம். 1913-ல் ரூதர்ஃபோர்டின் சூத்திரத்தைச் சோதிக்க அவங்க ரெண்டு பேரும் எண்ணின மினுக்குகள் ஒரு லட்சத்துக்கும் மேல. இந்தக் கோணத்தில் இத்தனை வரணும், தகட்டின் தடிமன் மாறினா இத்தனை, வேகம் மாறினா இத்தனைன்னு சூத்திரம் முன்கூட்டியே சொல்லிடுச்சு. எண்ணிக்கை வேற மாதிரி வந்திருந்தா, பேராசிரியர் நோபல் வாங்கினவரா இருந்தாலும் அவரோட கரு குப்பைக்குத்தான் போயிருக்கும்.

இப்ப நம்ம ஃபார்வர்டுக்கு வருவோம்.

அணுவை நம்பினவங்க கழுத்தை நீட்டிக்கிட்டு நம்பினாங்க. 'இது நடக்கலைன்னா நான் சொன்னது பொய்'னு முன்னாடியே எழுதிக் கொடுத்துட்டு. முருகனை நாம அப்படியா வெச்சிருக்கோம்? வேண்டினது நடக்கலைன்னா அடுத்த கிருத்திகைக்குக் கோயிலுக்குப் போறதை நிறுத்துறோமா? பழனி படி ஏறுற யாரும் ஹைப்போதிஸிஸ் டெஸ்ட் பண்ணப் போகலை. காவடி தூக்குற அக்காகிட்ட போய் 'எவிடன்ஸ் என்ன?'ன்னு கேட்டா அவங்க சிரிப்பாங்க, அந்தச் சிரிப்பில் தப்பே இல்லை. அது ஒரு உறவு. ஆனா 'அணு மாதிரிதான் முருகனும்'னு சொன்ன அடுத்த நிமிஷம், நாமளே அவரை மான்செஸ்டர் இருட்டறைக்குள்ள கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கிறோம். அந்த அறையோட விதிக்கும் அப்புறம் கட்டுப்படணும். எதுக்கு இந்த வேலை?

"நீ மட்டும் அந்தப் பரிசோதனையைப் பண்ணியா? புத்தகத்தைத்தானே நம்பினே?"ன்னு ஒரு நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. ஆமா, பண்ணலை. ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ் லேப்ல மெர்க்குரி விளக்கை ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்த்து, பச்சைக் கோடு, மஞ்சள் கோடுன்னு ரெக்கார்டில் கையெழுத்து வாங்குறதுக்காக எழுதினதோட சரி. அணுவுக்குள்ள எலக்ட்ரான் ஒரு மட்டத்திலிருந்து இன்னொண்ணுக்கு இறங்கும்போது வர்ற வெளிச்சம் அது. நானும் நம்பிக்கையில்தான் ஓட்டுறேன். ஆனா அந்தப் பாதையில் யாரும் கதவைப் பூட்டலை. ஆல்ஃபா மூலமும் பொறுமையும் இருந்தா நாளைக்கே யார் வேணும்னாலும் எண்ணிப் பார்த்து ரூதர்ஃபோர்டு தப்புன்னு சொல்லலாம். தப்புன்னு சொல்லியும் இருக்காங்க. அவர் படத்தின்படி சுத்துற எலக்ட்ரான் ஆற்றலை இழந்து கண் இமைக்கிறதுக்குள்ள கருவில் விழுந்திருக்கணும். அந்த ஓட்டையை 1913-ல் நீல்ஸ் போர் வேற விதி போட்டு அடைச்சார், அதையும் பின்னாடி வந்தவங்க மாத்தினாங்க. 1932-ல் சாட்விக் கருவுக்குள்ள நியூட்ரானைக் கண்டுபிடிச்சார்.

இன்னொரு வகை ஃபார்வர்டு: 'நம்ம முன்னோருக்கு அணுவின் அமைப்பு அப்பவே தெரியும்.' இது என்னை இன்னும் அதிகமா உறுத்துது. அணுங்கிற சொல் தமிழில் ரொம்பப் பழசு, நுண்மையின் எல்லையைச் சொல்ல நம்ம புலவர்கள் அதைப் பயன்படுத்தின அழகு தனி. ஆனா அது ஒரு லட்சம் மினுக்கை எண்ணினவனோட வேலை இல்லை. ஒருத்தரோட ராத்திரிகளை எடுத்து இன்னொருத்தர் கணக்கில் எழுதுறது, நம்ம தாத்தா கணக்காவே இருந்தாலும், பொய்க்கணக்குதான். அதை முருகன் படத்தோட அனுப்புறது எனக்குக் கூச்சமா இருக்கு.

சொல்லப்போனா, 'யாரும் பார்த்ததில்லை'ங்கிறதே இப்ப பழைய செய்தி. 1981-ல் ஜூரிச்சில் பின்னிக்கும் ரோரரும் ஊசிமுனையால் ஒரு பரப்பைத் துழாவி அணுக்களைப் படமாக்கும் கருவியைச் செஞ்சாங்க. 1989-ல் 35 செனான் அணுக்களை ஒவ்வொண்ணா நகர்த்தி ஐபிஎம்னு எழுத்தே வரைஞ்சுட்டாங்க.

தாம்சன் கதையில் ஒரு மிச்சம் இருக்கு. நியூசிலாந்திலிருந்து 1895-ல் உதவித்தொகையோட கேவண்டிஷுக்கு வந்த ரூதர்ஃபோர்டு, தாம்சனோட மாணவர். குருவோட தர்பூசணியை உடைச்சது சிஷ்யன்தான். நமக்கு சுவாமிமலை ஞாபகம் வரும்; வரட்டும், ஆனா அங்கே மகன் சொன்னதை அப்பன் கேட்டுக்கிட்டார், இங்கே யாரும் யார் சொன்னதையும் கேட்கலை, தகடுதான் சொல்லுச்சு. 1919-ல் தாம்சன் உட்கார்ந்த அதே கேவண்டிஷ் நாற்காலிக்கு ரூதர்ஃபோர்டு வந்தார். 1937-ல் சிஷ்யன் இறந்தார், 1940-ல் குரு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில், நியூட்டன் சமாதிக்குப் பக்கத்தில், ரெண்டு பேரோட அஸ்தியும் அருகருகே இருக்கு.