முதல் நாள் அடுப்பு

அன்னதானத்துக்கு முதல் நாளே வீட்டில் சமைத்து வைக்கும் வழக்கம் இரண்டு கேள்விகளை எழுப்புகிறது. நேற்றுச் சமைத்ததை இன்று தானமாகக் கொடுக்கலாமா என்பது ஒன்று. தானம் எப்போது தொடங்குகிறது, இலையில் அன்னம் விழும்போதா, முதல் நாள் அடுப்பு மூட்டும்போதா என்பது மற்றொன்று. முதல் கேள்வியை ஆசாரம் என்றும் இரண்டாவதைத் தத்துவம் என்றும் பிரித்துவிடலாம் போலத் தோன்றும். பாலக்காட்டு அக்கிரகாரங்களிலும் இடுக்கி எல்லையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் சமையலைப் பார்த்தால் அப்படிப் பிரிக்க முடிவதில்லை.

கல்பாத்தி, நூரணி, தொண்டிக்குளம் போன்ற பாலக்காட்டு அக்கிரகாரங்களில் கார்த்திகை, மார்கழி மாதங்களை ஒட்டி ஐயப்பனுக்குரிய சாஸ்தா ப்ரீதி வழிபாடு நடக்கிறது. ஊர் கூடிச் செய்யும் அந்தப் பெரிய சமாராதனை விருந்தின் சமையல் தேஹண்டக்காரர்கள் எனும் தொழில்முறைச் சமையல்காரர்களின் பொறுப்பு. வீட்டளவில் இருபது முப்பது பேருக்கு இலை போடும் நாட்களில் வேலை முழுக்க வீட்டாருடையது. அதற்கு முந்தைய நாள் ஆரவாரமில்லாத நாள். விருந்தாளி யாரும் இல்லை, மந்திரமோ மணியோசையோ இல்லை. இஞ்சி தோல் சீவுவதும் புளி ஊறவைப்பதும் நேந்திரங்காய் உரிப்பதுமாகப் பொழுது போய்விடும்.

அன்று செய்யப்படுபவை எவை என்பது கவனிக்க வேண்டியது. புளியிஞ்சிக்கு இஞ்சியைப் பொடியாக அரிந்து நல்லெண்ணெயில் சிவக்க வதக்கி, பச்சைமிளகாய், புளிக்கரைசல், வெல்லம் சேர்த்துக் கல்சட்டியில் வற்றக் காய்ச்சுகிறார்கள். இறக்கிய உடனே அதன் காரமும் புளிப்பும் தனித்தனியாக நிற்கும். ஓர் இரவு கழிந்தால்தான் ஒன்றோடொன்று இசையும். சர்க்கரை உப்பேரிக்கு நேந்திரங்காயைக் கனமான துண்டுகளாக நறுக்கி, தீயைக் குறைத்து நெடுநேரம் பொரிக்க வேண்டும். அவசரப்பட்டால் வெளிப்புறம் முறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். எண்ணெயிலிருந்து அரித்தெடுத்த துண்டுகள் தாம்பாளத்தில் கூழாங்கல் போல ஒலித்தால் பதம் வந்துவிட்டது. பிறகு வெல்லப்பாகில் புரட்டி, சுக்குப்பொடியும் சீரகப்பொடியும் தூவி, ஒட்டிக்கொள்ளாமல் பிரித்துவிடுவார்கள். இடுக்கியின் மறையூர்ச் சர்க்கரை கிடைத்தால் நிறமும் மணமும் கூடும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கரிய உருண்டை வெல்லம் தமிழகத்தை ஒட்டிய மலைச்சரிவில் விளையும் கரும்பிலிருந்து காய்ச்சப்படுகிறது. அன்னமும் ஓலனும் இடிச்சுப் பிழிஞ்ச பாயசமும் முதல் நாள் பட்டியலில் இடம்பெறுவதில்லை. அவற்றுக்கு மறுநாள் விடியற்காலையில்தான் தேங்காய் உடைபடும்.

இந்தப் பாகுபாட்டுக்குப் பின்னால் சாஸ்திரம் இருக்கிறது. சமைத்து நேரம் கடந்து, சுவை இழந்து, பழையதாகிப்போன உணவு தாமச குணமுடையோர் விரும்புவது என்கிறது கீதையின் 17-ஆம் அத்தியாயம். இரவு தாண்டிய உணவை விலக்கும் மனுஸ்மிருதி ஐந்தாம் அத்தியாயத்திலேயே விலக்குக்கும் விலக்கு அளிக்கிறது: நெய்யோ எண்ணெயோ சேர்ந்தவை பழையதானாலும் உண்ணத் தக்கவை, கோதுமை, பார்லிப் பண்டங்களும் பாலில் செய்தவையும் அப்படியே. அக்கிரகாரத்துப் பாட்டிமார் ‘பத்து’ என்று சொல்லி அன்னத்தையும் குழம்பையும் தனியே ஒதுக்கிவைத்த பழக்கம் இதே கோட்டில்தான் செல்கிறது. நீரில் வெந்தது விரைவில் கெடும், எண்ணெயில் வெந்தது தாங்கும் என்ற அடுக்களை அறிவு இங்கே ஆசாரமாக நிலைபெற்றிருக்கிறது. வாங்குபவரின் வயிற்றுக்குத் தீங்கு வரக்கூடாது என்ற கவலையே இதன் கரு என்று கொள்வது தவறாகாது.

ஆனால் பழையதாவதே உணவுக்குத் தகுதி தரும் வழக்கமும் தமிழரிடம் உண்டு. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழுக்குக் கேழ்வரகு மாவை முன்கூட்டியே கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். அதை அரிசி நொய்யோடு சேர்த்துக் காய்ச்சி, இரவெல்லாம் ஆறவிட்டு, மறுநாள் மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைத்து ஊற்றுவார்கள். அன்றே காய்ச்சி அன்றே ஊற்றினால் அது கூழாகாது. ஒரே தமிழ்ச் சமூகத்துக்குள் ஓர் அடுக்களை இரவைக் கெடுதல் என்று அஞ்சுகிறது, இன்னொன்று அதே இரவைப் பக்குவம் என்று வரவேற்கிறது. இவற்றில் எது சரி என்று கேட்பதைவிட, எந்தப் பண்டம் இரவைத் தாங்கும், எது இரவால் வளரும் என்ற அறிவை இரண்டுமே வேண்டி நிற்கின்றன என்று பார்ப்பதே பொருத்தம்.

இடுக்கி எல்லையில் இதற்கு வேறொரு நெருக்கடியும் சேர்கிறது. குமுளிக்கு மேலே, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒருமுறை, சித்ரா பௌர்ணமியன்று மட்டும் பக்தர்களுக்குத் திறக்கப்படுகிறது. கேரளப் பக்கத்தில் குமுளியிலிருந்து ஜீப்புகள் செல்கின்றன. தேனி மாவட்டத்துப் பளியங்குடியிலிருந்து ஏறுபவர்கள் காட்டு வழியே நடக்கிறார்கள். பிளாஸ்டிக் கொண்டுபோகத் தடை. சித்திரை வெயிலில் மலையேறி வருபவருக்குக் கொடுக்கும் சோறு கீழேயிருந்து போக வேண்டுமானால், அது மணிக்கணக்கில் கெடாமல் இருந்தாக வேண்டும். புளியோதரைக்கான புளிக்காய்ச்சல் எண்ணெய் மிதக்கக் காய்ந்து முதல் நாளே தயாராகிவிடும். சோற்றை அகலமான தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட்டபின் பிசறுவார்கள். சூட்டோடு கட்டினால் ஆவி வேர்த்துச் சோறு நொந்துவிடும். தயிர்சாதத்துக்குப் பாலைத் தாராளமாக ஊற்றித் தயிரைக் கொஞ்சமாகச் சேர்ப்பார்கள். வழியிலேயே அது உறைந்து, உண்ணும் நேரத்தில் புளிக்காமல் இருக்கும். அனலில் வாட்டிய வாழையிலை கிழியாமல் மடியும். இதை உண்ணப்போகிறவரைச் சமைப்பவர் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆயினும் அவருக்குப் பசிக்கும் மணி எது என்று கணக்கிட்டே பாலும் தயிரும் அளக்கப்படுகின்றன.

இங்கேதான் தானம் எப்போது தொடங்குகிறது என்ற இரண்டாவது கேள்வி வலுவடைகிறது. அங்குத்தர நிகாயத்தின் ஆறாம் பகுதியில், நந்தமாதா என்ற இல்லறப் பெண் சாரிபுத்திரரையும் மொக்கல்லானரையும் தலைமையாகக் கொண்ட துறவியருக்கு உணவளித்ததை முன்னிட்டுப் புத்தர் கொடுப்பவருக்குரிய மூன்று அங்கங்களைச் சொல்கிறார்: கொடுக்குமுன் மகிழ்ச்சி, கொடுக்கும்போது தெளிவு, கொடுத்தபின் நிறைவு. கொடுக்கும் கணத்துக்கு முந்தைய காலமும் இங்கே தானத்தின் உறுப்பாகவே எண்ணப்படுகிறது. தைத்திரீய உபநிஷதத்தின் பிருகுவல்லியும் இதை ஒட்டியே பேசுகிறது. வந்தவரைத் திருப்பி அனுப்பாதிருக்க வேண்டுமென்றால் உணவை நிறையச் சேர்த்துவைக்க வேண்டும், வந்தவரிடம் உணவு ஆயத்தமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. விருந்தினர் வருமுன்னே ஒருவர் உழைத்து முடித்திருந்தால்தான் அந்தச் சொல் உண்மையாகும்.

மணிமேகலைக் காப்பியமும் இதற்குச் சான்று தருகிறது. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி கையில் இருந்தும், முதல் பிச்சையை ஏற்க மணிமேகலை ஆதிரை என்ற இல்லத்தரசியின் வாசலுக்குப் போகிறாள். அந்த முதல் கவளத்துக்குப் பிறகே பாத்திரம் சுரக்கிறது. அற்புதப் பாத்திரத்துக்கும் யாரோ ஒருத்தியின் அடுக்களைச் சோறு முதலாக வேண்டியிருந்தது. அன்னதானத்தைப் பேசும்போது கொடுத்தவர் பெயரைச் சொல்லி, அடுப்படியில் நின்றவரை விட்டுவிடும் பழக்கத்தைத் திருத்த இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

நிவேதனத்துக்கு உரியதைச் சமைப்பவர் முன்கூட்டி ருசி பார்ப்பதில்லை. உப்பும் புளியும் கையளவிலும் மணத்திலும் நிறத்திலும்தான் தெரிய வேண்டும். தனக்கென்று ஒரு விள்ளலும் எடுக்காமல் ஒரு நாள் முழுவதும் அடுப்பின் முன் நிற்பது, பலனை எதிர்பாராமல் கொடுப்பதைச் சாத்விக தானம் என்னும் கீதையின் இலக்கணத்துக்கு மிக நெருங்கி வருகிறது.

அதே கீதை மதிக்காமல், இகழ்ந்து கொடுக்கும் தானத்தைத் தாமசம் என்கிறது. ஆகவே யாருக்காகச் சமைக்கப்பட்டது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. அக்கிரகாரத்துச் சமாராதனைப் பந்தி நெடுங்காலம் ஒரு சாதிக்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1924-இல் கல்பாத்தித் தெருக்களில் ஈழவர் நடப்பதற்கே போராட வேண்டியிருந்தது. அதற்கு ஏழாண்டுகளுக்கு முன், 1917-இல், செறாயியில் சீர்திருத்தவாதி சகோதரன் அய்யப்பன் ஈழவரையும் புலையரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சமபந்தி நடத்தியிருந்தார். மடி என்னும் தூய்மை ஆசாரத்திலும் பண்டம் கெடாமல் காக்கும் மடி வேறு, மனிதரை வாசலில் நிறுத்தும் மடி வேறு. முன்னதைப் போற்றலாம். பின்னது, வந்தவரைத் திருப்பாதே என்ற உபநிஷத வாக்குக்கே மாறானது.

பெறுபவரின் மதிப்பைக் காக்கும் இன்னொரு வழி பாலக்காட்டிலும் இடுக்கியிலும் வாழும் தமிழ் பேசும் ராவுத்தர் முஸ்லிம்களிடம் காணக்கிடைக்கிறது. நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டிய ஃபித்ரா என்னும் தர்மம், சமைத்த உணவாக இல்லாமல் தானியமாகவோ அதன் விலையாகவோ கொடுக்கப்படுகிறது. நபித்தோழர்கள் அதைப் பெருநாளுக்கு ஓரிரு நாள் முன்னரே கொடுத்ததாக ஹதீஸ் கூறுகிறது. அப்படிக் கொடுத்தால் முதல் நாள் அடுப்பு வாங்கியவர் வீட்டில் எரிகிறது. எதைச் சமைப்பது, உப்பு எவ்வளவு போடுவது என்பதை அவரே முடிவு செய்கிறார், பெருநாளன்று தம் வீட்டுக்கு வருபவருக்கு அவரும் பரிமாறுகிறார்.