கருணையும் கையொப்பமும்

கனடாவின் ஆரம்பகாலக் கவிஞர்களில் முக்கியமானவர் டங்கன் கேம்ப்பெல் ஸ்காட். 1879-இல் பூர்வகுடிகள் விவகார இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1913 முதல் 1932 வரை அதன் தலைமை அதிகாரியாக இருந்தவர். 1898-இல் வந்த அவருடைய ‘ஒனொண்டாகா மடோனா’ என்ற கவிதையில் ஒரு பூர்வகுடித் தாய் குழந்தையோடு நிற்கிறாள். மறைந்துகொண்டிருக்கும் ஓர் இனத்தின் கடைசி அழகாக ஸ்காட் அவளைப் பார்க்கிறார். அந்த இரக்கம் உண்மையானது. 1920-இல், அவருடைய முனைப்பில் வந்த சட்டத் திருத்தம் 7 முதல் 15 வயது வரையான பூர்வகுடிக் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதைக் கட்டாயமாக்கியது. பலருக்குப் பள்ளி என்றால் வீட்டையும் மொழியையும் பிரிந்து கிடக்கும் விடுதி.

இந்த இடத்தில் நம் விமர்சகர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். கவிதை வேறு, உத்தியோகம் வேறு என்பது ஒன்று. ஆள் போலி, ஆகவே கவிதையும் போலி என்பது மற்றது. இரண்டும் சௌகரியமான முடிவுகள். ஸ்காட்டிடம் முரண்பாடே இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இவர்கள் அழியப்போகிறவர்கள் என்று கவிதையில் தீர்மானமாகிவிட்டது. குழந்தைகளையாவது கரையேற்றுவோம் என்று கோப்பு அதையே தொடர்கிறது. இரண்டிலும் தாய் பார்க்கப்படுகிறாள். அவளிடம் எதுவும் கேட்கப்படுவதில்லை.

தெரியாமல் நடந்தது என்றும் சொல்வதற்கில்லை. அதே இலாகாவைச் சேர்ந்த டாக்டர் பீட்டர் பிரைஸ் 1907-இல் மேற்குப் பகுதிப் பள்ளிகளைப் பற்றி அறிக்கை கொடுத்தார். விவரம் அனுப்பிய பள்ளிகளில் படித்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு இறந்திருந்தார்கள். முக்கியக் காரணம் காசநோய். அவர் சொன்ன சீர்திருத்தங்கள் ஏற்கப்படவில்லை. விடுதிகளோ 1990-கள் வரை நீடித்தன. சுமார் 1,50,000 குழந்தைகள் அவற்றில் இருந்திருக்கிறார்கள்.

விடுதிகள் மூடியபின்பு என்ன? மனிடோபாவில் 1999-இல் பிறந்த க்ரீ இனக் குழந்தை ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன். பிறவி நோயால் ஆஸ்பத்திரியில் இருந்தவனை, இரண்டு வயதில், வெளியே ஒரு வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தச் செலவு மத்திய அரசுடையதா, மாகாண அரசுடையதா என்ற தகராறு இரண்டு வருஷங்களுக்கு மேல் நடந்தது. 2005-இல் அவன் ஆஸ்பத்திரியிலேயே இறந்துபோனான். வங்கியில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையை நாங்கள் சஸ்பென்ஸ் கணக்கில் போட்டு வைப்போம். தொகைக்கு வயது ஏறுவதில்லை. முதலில் குழந்தையைக் கவனி, பில்லைப் பற்றிப் பிறகு சண்டை போடு என்ற கோட்பாட்டை நாடாளுமன்றத்தின் மக்கள் சபை 2007-இல் அவன் பெயராலேயே ஏற்றது. 2016-இல் கனடாவின் மனித உரிமைத் தீர்ப்பாயம் இன்னொன்றைச் சொன்னது: குழந்தையைக் குடும்பத்திலிருந்து எடுத்து வளர்க்க அரசு பணம் தருகிறது, குடும்பத்திலேயே வைத்துக் காப்பாற்றப் போதிய பணம் தருவதில்லை, இது பாரபட்சம்.

அப்படியானால் ஆபத்தில் இருக்கும் குழந்தையை யாரும் தொடக் கூடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தொடத்தான் வேண்டும். ஆனால் ஏழ்மையையும் அலட்சியத்தையும் ஒன்றாக எண்ணுகிற கண், ஆபத்தை எப்படி அளக்கும்? 2021 கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட கனடியக் குழந்தைகளில் பூர்வகுடியினர் 7.7 சதவீதம்; வளர்ப்புக் குடும்பங்களில் விடப்பட்டவர்களிலோ 53.8 சதவீதம். அத்தனை தாய்மாரும் அன்பில்லாதவர்கள் என்று நம்புவதற்கு ஸ்காட்டின் இரக்கம்கூடப் போதாது.

பிறர் நலத்தை நாடுவது அறம் என்று படித்திருக்கிறோம். எது நலம் என்று தீர்மானிக்கும் இடத்தில் அந்தப் பிறருக்கு நாற்காலி இல்லையென்றால், நாடுகிறவனின் மனம் எவ்வளவு நல்லதோ அவ்வளவுக்கு அவனைத் தடுப்பது கஷ்டம். கெட்ட எண்ணத்துக்காவது வெட்கம் வரும்.

2019-இல் கனடா இயற்றிய சட்டம், எடுக்கப்படும் குழந்தையை யாரிடம் விடுவது என்பதற்கு வரிசை சொல்கிறது: முதலில் பெற்றோர், பிறகு உற்றார், பிறகு சொந்தச் சமூகத்தார். 2024-இல் உச்சநீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பாட்டியும் அத்தையும் இருக்கிறார்கள் என்பதைக் கோப்பில் எழுதிக்கொள்ள, 1920-க்குப் பிறகு தொண்ணூற்றொன்பது வருஷங்கள் ஆகியிருக்கின்றன.